மலைக்குளிரில் வியர்த்துத் திரும்பும் குதிரை: உலர்த்தும் வழிகளில் எது யாருக்கு?

உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் நண்பகல் வெயில் நம் ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும். அதே வெயில் மாலையில் மலைக்குப் பின்னால் இறங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் லாயத்தின் தகரக் கூரை தொட்டால் சில்லிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றித் தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் விடியற்காலைக் குளிர் பூச்சியத்தை நெருங்கி, புல்லின் மேல் உறைபனி படிவது குளிர்காலம்தோறும் காணும் காட்சி. அப்படிப்பட்ட நாளில் முடி அடர்ந்து வளர்ந்த ஒரு குதிரை, மாலைச் சவாரி முடிந்து கழுத்திலும் மார்பிலும் நுரை கட்டி, முதுகிலிருந்து ஆவி எழும்ப லாயத்துக்குள் நுழையும்போது, முழுவதும் இருட்டுவதற்குள் அதன் தோல் வரை உலர வேண்டுமே என்ற கவலை அதை வளர்ப்பவரைப் பிடித்துக்கொள்கிறது. நடத்தியே உலர்த்துவதா, வைக்கோலால் தேய்ப்பதா, கம்பளி போர்த்துவதா, பிளீஸ் என்ற செயற்கை இழைத் துணி வாங்குவதா, மின்சார ஊதுகருவி வைப்பதா, முடியையே கத்தரித்துவிடுவதா என்று கேட்டால், ஒவ்வொரு லாயத்திலும் ஒரு பதில் கிடைக்கும். எல்லாவற்றையும் வெவ்வேறு குளிர்காலங்களில் செய்து பார்த்தவன் என்ற முறையில், இவற்றை எந்த அளவுகோலால் எடைபோட வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

குளிர் குதிரைக்குப் பகையன்று, ஈரம்தான் பகை. நன்றாகத் தின்று, காற்று மழை படாமல், குளிர்கால முடி முழுமையாக வளர்ந்து உலர்ந்திருக்கும் குதிரை, பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸ் வரை கூடத் தன் உடற்சூட்டைக் காக்கக் கூடுதலாக எதையும் எரிக்க வேண்டியதில்லை என்று கால்நடை நூல்கள் சொல்கின்றன. முடி குட்டையாக இருக்கும் குதிரைக்கு அந்த எல்லை 5 டிகிரிக்கு அருகிலேயே வந்துவிடுகிறது. இந்தப் பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் முடிகளுக்கு இடையில் அடைபட்டு நிற்கும் காற்று. குளிரும்போது தோலில் உள்ள நுண்தசைகள் முடியை நிமிர்த்திவிடுவதால் அந்தக் காற்றடுக்கு இன்னும் தடிக்கிறது. நனைந்து ஒட்டிய முடிக்கு நிமிரும் திறன் போய்விடுகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீரோ காற்றைப் போல 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். மழையில் நனைந்த குதிரையைவிட வியர்வையில் நனைந்த குதிரையைப் பற்றி நான் கூடுதலாகக் கவலைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைநீர் முடியின் நுனிவழியே வழிந்து கீழே சொட்டிவிடும். தோலை ஒட்டிய அடிமுடி பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். வியர்வையோ அடியிலிருந்து புறப்படுகிறது. அதோடு, குதிரையின் வியர்வையில் லாதரின் என்ற ஒரு புரதம் இருக்கிறது. சோப்பைப் போலச் செயல்படும் அது, எண்ணெய்ப் பசையுள்ள முடியையும் முழுக்க நனையவைத்து, வியர்வை விரைந்து பரவி ஆவியாக உதவுகிறது. சேணத்தை வயிற்றோடு இறுக்கும் கச்சை உரசும் இடத்தில் வெண்ணுரை கட்டுவதும் அதனால்தான். வெயில் காலத்தில் குதிரையைக் காப்பாற்றும் இந்த ஏற்பாடே குளிர்காலத்தில் அதன் போர்வையை உள்ளிருந்து நனைத்துவிடுகிறது.

அளவுகோலுக்கு வருகிறேன். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஏழு லிட்டர் குழாய்த் தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பம் அது. நாம் ஒன்றுமே செய்யாமல் குதிரையை நிறுத்திவைத்தால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கைக் குதிரைதான் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறது. உழைப்பு முடிந்த முதல் கால்மணி நேரம் அது குதிரைக்கு நன்மையே. தசைகளில் உண்டான மிகைச்சூடு அப்படித்தான் வெளியேற வேண்டும். அந்த மிகைச்சூடு தீர்ந்த பிறகும் முடியில் தண்ணீர் மிச்சம் இருந்தால், அதற்கு மேல் ஆவியாகும் ஒவ்வொரு துளியும் குதிரைக்குத் தேவையான சூட்டைத் தின்கிறது. ஆகவே ஓர் உலர்த்தும் வழி நல்லதா இல்லையா என்பதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குதிரையின் சொந்தச் சூட்டைச் செலவழிக்காமல் எவ்வளவு தண்ணீரை அது வெளியே எடுக்கிறது? கையால் வழித்தெடுத்த தண்ணீருக்கும், துணி உறிஞ்சிய தண்ணீருக்கும் குதிரை எந்த விலையும் கொடுப்பதில்லை. போர்வைக்கு அடியில் ஆவியாகி அங்கேயே மறுபடி தண்ணீராகப் படியும் ஈரத்துக்கு இரண்டு முறை கொடுக்கிறது.

உலர்த்துவதற்கு முன் ஆறவைக்க வேண்டுமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். குதிரையின் இயல்பான உடல் வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை. ஓய்வில் அது நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். கடுமையாக ஓடிய குதிரை 40 டிகிரியை எட்டி, விலா ஏறி இறங்க மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கும்போது, வெளியே குளிர்கிறதே என்று கம்பளியை எடுத்து மூடினால் அது தவறு. முதலில் சூடு இறங்க வழிவிட வேண்டும். சூடான குதிரை மேல் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய அச்சத்தை, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு நடந்த ஆய்வுகள் தகர்த்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அந்தப் பாடம் அட்லாண்டாவின் புழுக்கத்துக்கானது. 8 டிகிரிக் குளிரில், அரைமணி நேரம் பெருநடை (ட்ராட் எனப்படும் மெல்லோட்டம்) போட்டு வந்த மட்டக்குதிரையை குழாயடியில் நிறுத்தி நனைக்க அதைச் சான்றாகக் காட்டுவது சரியன்று. மலையில் நாம் சந்திக்கும் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை மிகைச்சூட்டால் தவிப்பவை அல்ல. அவை ஈரத்தால் தவிக்கப் போகிறவை.

எல்லா வழிகளிலும் செலவு குறைந்தது லாயத்துக்கு வெளியே நடக்கிறது. சவாரியின் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பெருநடையில்லாமல், தளர்ந்த கடிவாளத்தோடு மெல்ல நடத்திக்கொண்டு வந்தால், உழைக்கும் தசைகள் கொடுக்கும் சூட்டிலேயே முடியின் ஒரு பகுதி ஈரம் போய்விடும், மூச்சும் அடங்கிவிடும். இறுதிப் பகுதியில் இறங்கி, கச்சையை ஓரிரு துளை தளர்த்தி, பக்கத்தில் நடந்தே வருவது இன்னும் நல்லது. லாயத்துக்கு வந்தவுடன் சேணத்தைப் பட்டென்று உருவாமல் சில நிமிடம் தளர்த்திய நிலையிலேயே விட்டுவைப்பது என் வழக்கம். சேணத்தடியில் வெந்து ஈரமாக இருக்கும் முதுகில் குளிர்காற்று நேராகப் படாமல் அது தடுக்கிறது. சுற்றுலாப் பருவத்தில் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்பதற்காகக் கடைசிச் சுற்றையும் விரைவாக ஓட்டி முடிக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர் மாலையில் ஒரு மணி நேரத்தைக் கொடுக்க நேரிடும்.

நடத்தி மட்டுமே உலர்த்துவது பழைய முறை. பந்தயக் குதிரைகளை இன்றும் வட்டமாக நடத்தி ஆற்றுவதைக் காணலாம். முடி குட்டையான குதிரைக்கு, காற்றில்லாத வறண்ட மாலையில், இருபது நிமிட நடையே பெரும்பாலும் போதும். அடர்முடி வளர்ந்த மட்டக்குதிரைக்கோ ஒரு மணி நேரம் நடத்திய பிறகும் முன்னங்கால்களுக்கு இடையிலும் பிடரிமயிரின் அடியிலும் கை வைத்தால் ஈரம் பிசுபிசுக்கும். அதற்குள் இருட்டி, காற்றும் எழுந்திருக்கும். நடையின் உண்மையான பயன் உலர்த்துவதில் இல்லை என்பதே என் முடிவு: தசைகளில் இரத்த ஓட்டத்தைத் தொடரவைத்து, மூச்சையும் சூட்டையும் படிப்படியாக இறக்குவதற்கே அது வேண்டும். பத்து நிமிடம் நடத்திவிட்டு மற்ற வேலையைக் கைகளிடம் ஒப்படைப்பது நல்லது.

அந்தக் கைவேலையில் முதல் இடம் வழிப்பதற்கு. பிடி வைத்த ரப்பர் பட்டை கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் உள்ளங்கையின் ஓரமே போதும். கழுத்திலிருந்து தோள், விலா, அடிவயிறு என்று முடி படிந்திருக்கும் திசையில் அழுத்தி வழித்தால் நுரையும் நீரும் ஓர் ஓடையாகத் தரையில் விழும். அடுத்து, பழைய டர்க்கி டவல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகு வைக்கோல். ஒரு கைப்பிடி வைக்கோலை முறுக்கி, மடித்து, உள்ளங்கைக்கு அடங்கும் திரணையாகச் செய்துகொண்டு, முடிக்கு எதிர்த்திசையிலும் வட்டமாகவும் உடல் பாரத்தைக் கொடுத்துத் தேய்த்தால், ஒட்டிக் கிடந்த முடி பிரிந்து நிமிரும், தோலும் சூடேறும். குதிரைக்காரர்கள் மாலிஷ் என்று சொல்லும் இந்த வேலைக்கு ஆள் பலம் வேண்டும். நன்றாகச் செய்தால் குளிர்கால இரவிலும் தேய்ப்பவரின் சட்டை நனைந்துவிடும். குதிரையின் சூட்டுக்குப் பதிலாக நம்முடைய சூட்டைக் கொடுக்கிறோம் என்பதால், என் அளவுகோலின்படி இதற்கு ஈடாக வேறொரு வழி இல்லை. ஆனால் ஒருவர் ஒரு மாலையில் இரண்டு குதிரைகளுக்கு மேல் இதை ஒழுங்காகச் செய்ய முடியாது. மூன்றாவது குதிரைக்குத் தேய்ப்பு பேருக்குத்தான் நடக்கும். தேய்த்த பின் முடியைப் படிய வாரிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குதிரை முள்ளம்பன்றியைப் போலச் சிலிர்த்த முடியோடு நிற்பதே அப்போது நமக்கு வேண்டியது.

போர்வைகளைப் பற்றி நான் கற்றது ஒரு தவறிலிருந்து. பல குளிர்காலங்களுக்கு முன், பெட்டைக்குதிரை ஒன்றைச் சாரலுக்கு முந்திக்கொண்டு விரைவாக ஓட்டி வந்தேன். அவசர வேலை ஒன்று இருந்ததால், டவலால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, புதிதாக வாங்கிய தடித்த நீர்புகாப் போர்வையை அதன் மேல் கட்டிவிட்டுப் போய்விட்டேன். தடிமனானது, விலை கூடியது, ஆகவே சூடாக வைத்திருக்கும் என்று நம்பினேன். இரவு பத்து மணிக்கு வந்து பார்த்தபோது குதிரை மூலையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றது. தொடைச் சதை விட்டுவிட்டுத் துடித்தது. காதின் அடி சில்லென்றிருந்தது. போர்வைக்குள் கையை விட்டேன். உள்துணி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்து, குதிரையின் முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்து லாயத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “கதவச் சாத்திட்டு அடுப்பு மூட்டுனா புகை எங்க தம்பி போகும்? மொதல்ல அதக் கழட்டுங்க, வைக்கோல எடுங்க,” என்றார். அன்று அவர் செய்து காட்டியதுதான் வைக்கோல் வேய்தல்.

செய்முறை எளிது. வழித்து, தேய்த்து முடித்த குதிரையின் முதுகிலும் இடுப்பிலும் உலர்ந்த வைக்கோலை நான்கு விரல் தடிமனுக்குப் பரப்பி, அதன் மேல் இரண்டு கோணிச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த விரிப்பைப் போட்டு, வயிற்றைச் சுற்றி ஒரு வாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். கயிறாக இருந்தால் முதுகெலும்பின் மேல் ஒரு துணி மடிப்பை வைத்துக் கட்டாவிட்டால் தோல் புண்ணாகும். வைக்கோல் தாள்கள் ஒவ்வொன்றும் உள்ளீடற்ற குழல். ஒன்றின் மேல் ஒன்று தாறுமாறாகக் கிடக்கும்போது, சாக்குக்கும் முடிக்கும் இடையில் காற்று ஓடும் ஓர் இடைவெளி உண்டாகிறது. குதிரையின் சூட்டில் எழும் ஆவி அந்த இடைவெளி வழியாக மேலேறி, சாக்கின் பருத்த நெசவு வழியாக வெளியேறுகிறது. வெளிக்குளிரோ நேராகத் தோலைத் தொடுவதில்லை. அன்றிரவு முக்கால் மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கியபோது, அதன் அடிப்பக்கமும் மேல் வைக்கோலும் ஈரமாக இருந்தன; தோலை ஒட்டிய வைக்கோல் காய்ந்திருந்தது. துடிப்பும் நின்றிருந்தது. ஈரமான வைக்கோலை உதறிவிட்டு, புதிதாக இன்னொரு முறை வேய்ந்தோம். குறைகளும் இதற்கு உண்டு: குதிரை உருண்டால், உடம்பைக் குலுக்கினால் எல்லாம் சரியும், கழுத்தும் மார்பும் மூடப்படுவதில்லை, பூஞ்சை பிடித்த வைக்கோலைப் பயன்படுத்தினால் அதன் தூள் குதிரையின் நுரையீரலுக்குக் கேடு. கட்டிப்போட்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

கம்பளியும் அதே வேலையைத்தான் இன்னும் நேர்த்தியாகச் செய்கிறது. ஆட்டுரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அப்படி வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. தூய கம்பளி போர்த்திய குதிரையை அரைமணி நேரம் கழித்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்: கம்பளியின் வெளிப்புறத்தில், இழை நுனிகளில், கடுகளவு நீர்த்துளிகள் வரிசையாக நிற்கும், உள்ளே கையை விட்டால் முடி வெதுவெதுப்பாகவும் பெரிதும் காய்ந்தும் இருக்கும். கனடா போன்ற கடுங்குளிர் நாடுகளில் அந்தத் துளிகள் போர்வையின் மேலேயே உறைபனியாகிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் உள்ளங்கையால் துளிகளைத் துடைத்துவிட்டு, கம்பளியை உருவி, உலர்ந்த இரண்டாவது கம்பளியைப் போட வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு, அது நனைந்த பிறகும் இரவெல்லாம் அதையே விட்டுவைப்பவர்கள், கம்பளியால் பயனில்லை என்று குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குறை கம்பளியில் இல்லை. அதன் உண்மையான குறைகள் வேறு: நனைந்தால் கனக்கும், காய ஒரு நாளுக்கு மேல் ஆகும், சூடான நீரில் துவைத்தால் சுருங்கும், பூச்சி அரிக்கும். வீட்டில் இருக்கும் பழைய ராணுவக் கம்பளி குதிரைக்குப் போதுமா என்று கேட்பார்கள். அது தூய கம்பளியாகவும், தோள்மேட்டிலிருந்து வால் அடி வரை மூடும் நீளமாகவும் இருந்தால் தாராளமாகப் போதும்.

பிளீஸ் என்ற பாலியெஸ்டர் துணி கம்பளிக்கு மாற்றாக வந்தது. அதன் இழை தண்ணீரை வாங்குவதில்லை. இழைகளுக்கு இடையில் ஏற்றி வெளியே தள்ளுகிறது. ஆகவே எடை குறைவு, இயந்திரத்தில் துவைக்கலாம், காற்றுள்ள நாளில் நிழலிலேயே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். தினமும் பல குதிரைகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் இந்த விரைவுக்கு மதிப்பு அதிகம். ஆனால் பிளீஸ் காற்றைத் தடுக்காது. திறந்த கொட்டகையில், பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறிவரும் நேரத்தில், நனைந்த பிளீஸோடு நிற்கும் குதிரை விரைவில் குளிர்ந்துவிடும். சுவர் உள்ள லாயத்துக்கு பிளீஸ், தட்டி கட்டிய கொட்டகைக்குக் கம்பளி என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. வைக்கோலும் கோணியும் பிளீஸும் தூய கம்பளியும் தரத்தில் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே நிற்கின்றன என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இவற்றுக்குள் தேர்வு என்பது நேரத்தையும் பணத்தையும் கட்டடத்தையும் பொறுத்தது. வலைப்பின்னல் போர்வை தனியாகப் போட்டால் பயனற்றது. அதன் ஓட்டைகளில் காற்று நிற்க மேலே இன்னொரு துணி வேண்டும். பருத்தி விரிப்பு வியர்வையை வாங்கி வைத்துக்கொண்டு முதுகில் சில்லென்று கிடக்கும். வெயில் காலத்துக்கு மட்டுமே அது. நீர்புகாப் போர்வைக்கு ஈரக் குதிரையின் மேல் இடமே இல்லை. முழுக்க உலர்ந்த குதிரை வெளியே மழையில் நிற்கும்போது காக்கவே அது பிறந்தது.

மின்சார வழிகளில் இரண்டு உண்டு. குளிர்ந்த அல்லது மிதமாகச் சூடான காற்றை விசையோடு ஊதும் கருவி, முடிக்கிடையில் இருக்கும் தண்ணீரைத் துளித்துளியாகத் தூக்கி வெளியே எறிகிறது; ஆவியாக்காமல் எடுப்பதால் என் அளவுகோலில் இதற்கும் நல்ல மதிப்பெண். பழகிய குதிரை கால்மணி நேரத்தில் பெரும்பாலும் உலர்ந்துவிடும். ஆனால் அந்த இரைச்சலுக்குக் குதிரையைப் பழக்க வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். மிரண்ட குதிரை மறுபடியும் வியர்க்கத் தொடங்கும். அகச்சிவப்பு விளக்குகளை உயரத்தில் பொருத்தி அடியில் நிறுத்துவது இரண்டாவது. நனைந்த முடியின் நுனி விரைவில் காய்ந்து, குதிரை உலர்ந்துவிட்டது போலத் தோன்றும். அடிமுடி ஈரமாகவே இருக்கும். வைக்கோல் தூசி பறக்கும் மரக்கூரை லாயத்தில் சூடான விளக்கு என்பதை நினைத்தாலே எனக்கு உறக்கம் வராது. தனி அறையும், முறையான மின் இணைப்பும், ஆள் காவலும் இல்லாத இடத்தில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வியர்வையைக் கழுவிவிடுவதைப் பற்றி ஓரிரு சொற்கள். குதிரை வியர்வையில் உப்பு மிகுதி. காய்ந்தபின் முடி முறுகி, சேணத்தடியில் உறுத்தும். ஆனால் அந்த உப்பைக் காய்ந்தபின் மறுநாள் காலை தூரிகையால் தட்டிவிடலாம். குளிர்காலத்தில் முழுக் குளியல் தேவையற்றது. சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சேணத்தடி, கச்சைத்தடம், காதுக்குப் பின்புறம் ஆகிய மூன்று இடங்களை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த டவலால் ஒற்றினால் போதும்.

முடி கத்தரிப்பு மற்ற வழிகளைப் போன்றது அல்ல, ஏனென்றால் அதை ஒரு மாலையில் முடிவு செய்து மறு மாலையில் மாற்றிக்கொள்ள முடியாது. வியர்வை மிகுதியாகச் சுரக்கும் தொண்டை, மார்பு, அடிவயிறு, விலாவின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை மட்டும் கிளிப்பரால் கத்தரித்துவிட்டு, முதுகையும் இடுப்பையும் கால்களையும் விட்டுவைக்கும் ட்ரேஸ் கிளிப் முறையில், அதே வேலைக்குக் குதிரை வியர்ப்பதே குறைந்துவிடும். வியர்த்தாலும் கால்மணி நேரத்தில் துடைத்து உலர்த்திவிடலாம். குளிர்காலம் முழுக்க வாரத்தில் நான்கைந்து நாள் கடுமையாக உழைக்கும் குதிரைக்கு, அது லாயத்துக்குள் உறங்குவதாக இருந்தால், இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியாது. ஆனால் கத்தரித்த நாளிலிருந்து வசந்தம் வரை ஒவ்வோர் இரவும் அதற்குப் போர்வை போட்டாக வேண்டும். போர்வையைத் தினமும் கழற்றித் தோலைப் பார்க்கவும் வேண்டும். தீனியும் கூட்டவேண்டியிருக்கும். வேலை முடிந்து இரவில் மேய அவிழ்த்துவிடப்படும் மட்டக்குதிரையின் முடியைக் கத்தரிப்பதை, அதன் வீட்டுக் கூரையைப் பிரிப்பதாகவே நான் கருதுகிறேன். அப்படிச் செய்யவே கூடாது.

வானிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று 5 டிகிரியில் ஏறக்குறைய 7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் தாங்கும். வடகிழக்குப் பருவமழையின்போது, நவம்பரில் மூடுபனியும் சாரலுமாக இருக்கும் மாலையில், அந்த 7 கிராமும் ஏற்கெனவே நிறைந்திருக்கும். அப்போது நடத்துவதும் காற்றாட நிறுத்துவதும் ஏறக்குறைய பயனளிக்காது. வழித்தல், ஒற்றுதல், போர்வையை இரண்டு மூன்று முறை மாற்றுதல் ஆகியவையே கைகொடுக்கும். ஜனவரியின் தெளிந்த, வறண்ட மாலையில் ஒரே கம்பளி போதும். ஆனால் வெப்பநிலை விரைந்து இறங்குவதால் நேரம் குறைவு. பருவமழை மாதங்களில் சவாரியை மாலை மூன்று மணிக்கு முன்பே முடித்துக்கொள்வது எந்தப் போர்வையைவிடவும் மேல்.

இனி, எதை வாங்குவது என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஒன்றிரண்டு மட்டக்குதிரைகளை வைத்துப் பிழைப்பவர் பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை. நான்கு பழைய டவல், தைத்த கோணி விரிப்பு இரண்டு, தூசியற்ற வைக்கோல், முதுகில் உறுத்தாத ஒரு வார் ஆகியவற்றோடு கடைசி கிலோமீட்டரை நடந்து வரும் பழக்கம் இருந்தால், விலையுயர்ந்த லாயத்துக்குச் சமமாக அவர் குதிரையைக் காக்க முடியும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் தூய கம்பளி இரண்டு. ஒன்று அல்ல, இரண்டு. பத்துக் குதிரைகளும் மூன்று ஆட்களும் உள்ள சவாரிப் பள்ளி, குதிரைக்கு இரண்டு பிளீஸ் வீதம் வாங்கி, அவற்றைக் காயப்போடக் காற்றோட்டமான ஓர் அறையையும் ஒதுக்க வேண்டும். ஒரு குதிரையின் ஈரப் போர்வையை இன்னொன்றின் மேல் போடுவது தோல்நோயைக் கைமாற்றுவதாகிவிடும். கடுமையாக உழைக்கும் குதிரைகளுக்கு மட்டும் அங்கே ட்ரேஸ் கிளிப் செய்யலாம். கொட்டகையே இல்லாமல் குதிரை வளர்ப்பவரிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: குளிர்கால மாலைகளில் அதை வியர்க்க வைக்காதீர்கள், நடைச் சவாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், உலரும் நேரத்தில் குதிரையின் முன்னால் வைக்கோலோ காய்ந்த புல்லோ இருக்க வேண்டும். நார்த்தீனி பெருங்குடலில் நொதித்துச் செரிக்கும்போது உண்டாகும் சூடு, உள்ளிருந்து எரியும் அடுப்பைப் போல உலர்த்துவதற்கு உதவுகிறது. தானியத்தீனியை மூச்சும் சூடும் முழுக்க அடங்கிய பின் ஒரு மணி நேரம் கழித்து வைக்கலாம். குடிக்கத் தண்ணீரை மறுக்க வேண்டாம். பனிபோலச் சில்லிட்ட தொட்டி நீரைக் குதிரைகள் போதிய அளவு குடிப்பதில்லை என்பதால், ஒரு செம்பு வெந்நீர் கலந்து குளிர் முறித்துக் கொடுப்பது நல்லது. குதிரை நடக்க மறுத்து, தொடைச் சதை கல்லாக இறுகி, சிறுநீர் கருத்துப் போனால் அது குளிரால் வந்த நடுக்கம் அல்ல. நடத்துவதை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

காய்ந்துவிட்டது என்று போர்வை மாற்றிய குதிரை, ஒரு மணி நேரத்தில் மறுபடியும் வியர்ப்பது உண்டு. உள்ளே சூடு முழுக்க இறங்காமலோ, களைப்பாலோ, கலக்கத்தாலோ அது நேரும். அதனால் நீங்கள் படுக்கப் போகுமுன் ஒருமுறை விளக்கை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போக வேண்டும். போர்வையின் மேலே தடவிப் பார்க்காமல், உள்ளே கையை விட்டு, விரல் நுனி தோலைத் தொடும் வரை முடியைப் பிளந்து, முன்னங்கால்களுக்கு இடையில், முழங்கைக்குப் பின்னால் கச்சை பட்ட இடத்தில், பிடரிமயிரின் அடியில், இடுப்பில் என்று நான்கு இடங்களில் பாருங்கள். காதின் அடியைக் கைக்குள் பொத்திப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்து, நான்கு இடங்களிலும் விரல் காய்ந்தே வெளியே வந்தால், விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம்.